கம்பெனி பஸ்ஸில் ஏறிய என் மகனுக்கு

வரும் திங்கட்கிழமை நீ சென்னைக்குப் போய், பெரியமேட்டு ஹெட் ஆபீஸில் உட்காரப் போகிறாய். நம் கம்பெனியின் எல்லா யூனிட்டிலும் வேலை செய்கிறவர்களின் நல்லது கெட்டதை இனி நீதான் பார்க்க வேண்டுமாம். உன் அம்மா நேற்றிலிருந்து தெருவில் யார் போனாலும் நிறுத்தி இதைச் சொல்கிறாள். கீரை விற்கிறவளிடம் காலையில் ஒரு தடவை சொன்னாள், அவள் திரும்பி வரும்போது இன்னொரு தடவை சொன்னாள். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. நேரில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி நைனா, சரி நைனா" என்று போனை நோண்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு நீளமாக எழுத வருமா என்று சிரிக்காதே. ஷிப்ட் முடிகிற வரை ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. கேண்டீன் போர்டில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள். ஒளித்துவைக்க இதில் ஒன்றும் கிடையாது. பெருமை அடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன், அதை வெட்கப்படாமல் செய்யப் போகிறேன்.

போன வருஷம் இதே சமயம் நம் நிலைமை என்ன என்று யோசித்துப் பார். குடியாத்தத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்களை ஏற்றி, மாதனூர் வழியாக ஆம்பூர் ரோட்டில் இருக்கிற நம் ஷூ கம்பெனியில் இறக்குவது என் வேலை. ஒரு காலத்தில் படிக்கட்டு வரை ஆள் நிற்கும். போன வருஷம் சீட்டெல்லாம் காலி. தையல் லைனில் இருக்கிற பெண்கள், அதுவும் உன் வயதை ஒட்டின முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரிகள், நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள், ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். கூலி கம்மி என்று சொல்லவும் வழியில்லை. இதைவிடக் கம்மியாகக் கொடுக்கிற கம்பெனிக்குப் போனவளும் உண்டு. ஆள் இல்லாத தையல் லைனை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மேலே பேச்சு ஓடியது. லைன் போனால் இந்த ரூட்டில் பஸ் எதற்கு? ஆட்களைப் போகவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆபீசர் வேலைக்கு வந்த நீ எதற்கு? அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நாளில் வேலை போகிற மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு உன்மேல் இருந்த கோபம் வேறு. நீ ஏற்கெனவே இரண்டு நல்ல கம்பெனிகளை உதறிவிட்டு வந்தவன். ஒரகடத்து கார் கம்பெனியை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "அங்க யாரும் யாரையும் பாத்து சிரிக்கறதில்ல நைனா" என்றாய். "சிரிக்கறதுக்காடா சம்பளம் குடுக்கறான்?" என்று கத்தினேன். அடுத்தது சென்னையில் கண்ணாடிக் கட்டடம். ஏசி, காபி மெஷின், விளையாட டேபிள் எல்லாம் இருக்கிறது என்று போட்டோ அனுப்பினாய். உன் அம்மா அதைச் சத்துவாச்சாரியில் இருக்கிற தன் தம்பி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். அதையும் விட்டுவிட்டாய். "டேபிள் இருக்கு நைனா, ஆனா விளையாடறவன் யாருன்னு மேனேஜர் கண்ணாடிக்குள்ளேருந்து பாத்துக்னே இருப்பாரு. அதனால யாரும் கிட்ட போக மாட்டாங்க" என்றாய். உன் மாமன் போனில் கேட்டான், "இன்னா மாமா, பையன் கம்பெனிய வேலைக்கு எடுக்கறானா, கம்பெனி பையன வேலைக்கு எடுக்குதா?" நான் போனை வைத்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். இரண்டும்தான்டா! உன் வயதுக்காரர்கள் வேலையை அப்படித்தான் பார்க்கிறீர்கள். நாங்கள் வேலைக்குச் சேரும்போது பி.எஃப். பிடிக்கிறார்களா, தீபாவளிக்கு போனஸ் உண்டா என்று கேட்டோம். நீங்கள் அதையும் கேட்டுவிட்டு, "அங்க எப்படிப் பேசுவாங்க?" என்று இன்னொன்றும் கேட்கிறீர்கள். அது ஒரு கேள்வியா என்று நினைத்தவன் நான். அது எத்தனை பெரிய கேள்வி என்பதை என் பஸ்ஸிலேயே பார்த்தேன்.

நீ இங்கே வந்து சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? கம்பெனி கேட்டுக்குள்ளே நான் உன்னை "சார்" என்று கூப்பிட்டேன். நீ முகத்தைச் சுளித்தாய். வீட்டில் நீ எனக்கு மகன், கேட்டுக்குள் நீ ஆபீசர், டிரைவர் ஆபீசரை டேய் என்று கூப்பிட்டால் நாளைக்கு உன் பேச்சை எவன் கேட்பான் என்றேன். "அப்ப நான் உங்கள வாங்கன்னு கூப்புடுவேன், அதுக்கு ஒத்துக்குங்க" என்றாய். நீ எப்போதும் அப்படித்தானே கூப்பிடுகிறாய் என்று நான் சொல்ல, செக்யூரிட்டி சிரித்துவிட்டான். அப்படி ஆரம்பித்தோம் நாம் இரண்டு பேரும்.

ஆட்கள் நின்றுபோகிறார்களே, அதற்கு ஆபீஸில் என்னென்ன வைத்தியம் பார்த்தார்கள்! எல்லோரையும் ஒரு நாள் ஏலகிரிக்குக் கூட்டிப் போனார்கள். படகு விட்டார்கள், பிரியாணி போட்டார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். நானே பஸ் ஓட்டினேன். மறுநாள் காலில் வலி, காய்ச்சல் என்று லேட்டாக வந்தவர்களின் பேரை மைக்கில் படித்துத் திட்டினார்கள். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும், எங்கள் தையல் ஹாலில் ஒரு மைக் உண்டு. யார் கையில் வேகம் கம்மியோ, யார் தையல் கோணலோ, அவள் பேரை அதில் சொல்வார்கள். ஹால் முழுக்கக் கேட்கும். சாயங்காலம் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். அடுத்த வாரம் அவள் ஸ்டாப்பில் யாரும் நிற்க மாட்டார்கள். நான் பிரேக்கில் காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவேன்.

ஏலகிரிக்கு அப்புறம் ஒரு மெஷின் வந்தது. வெளியே போகிற வழியில் வைத்தார்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று பட்டன். இன்றைக்கு வேலை எப்படி இருந்தது என்று ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். மாசக் கடைசியில் பார்த்தால் எல்லாம் சிரிக்கிற முகம். ஆபீஸில் ஒரே குஷி, சாக்லேட் கொடுத்தார்கள். அதே மாசத்தில் என் பஸ்ஸில் இன்னும் நாலைந்து சீட்டு காலி. நீ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். யாருக்காவது தோன்றியதா, பஸ் கிளம்புகிற நேரத்தில், செக்யூரிட்டி பக்கத்திலேயே நிற்கும்போது, அழுகிற முகத்தை எவள் அமுக்குவாள் என்று? அமுக்கினால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

அன்றைக்குத்தான் நீ என்னிடம் வந்தாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து, "நைனா, பஸ்ஸுல பொம்பளைங்க பேசறது எல்லாம் உங்க காதுல விழும் இல்ல? இன்னா பேசறாங்க, சொல்லுங்க" என்றாய். சொல்ல மாட்டேன் என்றேன். நீ அதிர்ந்துபோனாய். "என் வேலையே போற மாதிரி இருக்கு, அதுக்குக் கூடவா?" என்றாய். "உன் வேலை போனாலும், என் வேலை போனாலும் சொல்ல மாட்டேன். அதுங்க ஒரு நாள் முழுக்க வாய மூடிக்னு இருந்துட்டு என் வண்டியில ஏறித்தான் தொறக்குதுங்க. அத எடுத்துக்னு வந்து ஆபீசர்கிட்ட குடுத்தா நான் டிரைவரா, கோள் சொல்றவனா?" என்றேன். குரல் ஏறிவிட்டது எனக்கு. உன் அம்மா குழம்புச் சட்டியோடு நடுவில் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. கேக்கணும்னா இவனே போய்க் கேக்கட்டும். இவன் காதுல இன்னா பஞ்சா இருக்கு?" என்றாள். நீ உடனே, "அப்ப நாளையிலேருந்து நானும் பஸ்ஸுல வர்றேன்" என்றாய்.

நான் தடுத்தேன். ஆபீசர் பஸ்ஸில் ஏறினால் இருக்கிற பேச்சும் நின்றுபோகும் என்றேன். நல்லவேளை, நீ கேட்கவில்லை. முதல் ஸ்டாப்பிலேயே என்னோடு ஏறி, சூப்பர்வைசர்களுக்கு என்று எல்லோரும் விட்டுவைக்கிற முன்சீட்டைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் டயருக்கு மேலே தூக்கித் தூக்கிப் போடுகிற சீட்டில் உட்கார்ந்தாய். நான் சொன்னதுதான் நடந்தது. பஸ் செத்த வீடு போல வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, குடியாத்தம் தாண்டினதும் பர்வீன் திரும்பிப் பார்த்தாள். பர்வீனைத் தெரியாதவர் கிடையாது, அவள் வாய்க்குக் கம்பெனியில் எல்லோரும் பயப்படுவார்கள். "இன்னா சார், பைக்கு ரிப்பேரா? இல்ல, எங்கள வேவு பாக்க வர்றீங்களா?" என்றாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ சமாளிப்பாய் என்று நினைத்தேன். நீயோ, "இல்லக்கா. நீங்கல்லாம் நின்னுட்டா எனக்கு வேலை போய்டும். ஏன் நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியல. அதான் வர்றேன்" என்று பட்டென்று சொன்னாய்.  உடனே பர்வீன், "அடப்பாவமே, இந்தாளுக்கே வேலை போவுதாம்டி!" என்றாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆபீசர் என்ற மரியாதை போனது. நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அவர்கள் கொட்டினதை நீயே கேட்டாய், நான் சொல்லத் தேவையில்லாமல் போனது. மைக்கில் பேரைப் படிப்பதைச் சொன்னார்கள். பர்வீன் வேறு மெஷின் கற்றுக்கொள்ளக் கேட்டால், "உனக்கு எதுக்கு அது?" என்று சூப்பர்வைசர் விரட்டுவதைச் சொன்னாள். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி வந்து நின்றது போனில்தான். காலையில் கேட்டில் எல்லோரும் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். வீட்டிலிருந்து அவசரம் என்றால் கேட் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். செக்யூரிட்டி சூப்பர்வைசருக்குச் சொல்வான். சூப்பர்வைசர் டார்கெட் முடியட்டும் என்று வைத்துக்கொள்வார். அன்றைக்குக் கோமதியும் பேசினாள். லைனில் இருப்பதிலேயே கஷ்டமான மெஷின் அவளுடையது. ஷூவின் மேல்பாகத்தை வளைத்துத் தைப்பது. அவள் இல்லாவிட்டால் லைன் நொண்டும். "பள்ளிக்கூடத்துல என் பையனுக்கு ஜுரத்துல வலிப்பு வந்துச்சு சார். காலையில போன் வந்துக்குது. எனக்குச் சொன்னது சாயங்காலம் சங்கு ஊதின அப்புறம். அந்த நேரம் முழுக்க நான் அவங்களுக்குத் தச்சிக்னு இருந்தேன். இந்த ஆர்டர் முடிஞ்சதும் நின்னுடுவேன்" என்றாள். நீ ஆம்பூர் வரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவைப் பார்த்து ஒன்று கேட்டாய். "அம்மா, நான் ஆறாவது படிக்கும்போது கை ஒடைஞ்சிதே, உனக்கு எப்ப சொன்னாங்க?" உன் அம்மா அப்போது வேறொரு கம்பெனியில் தையலில் இருந்தாள். நான் தோல் லாரி ஓட்டிக்கொண்டு எங்கேயோ இருந்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார். நீ ஒடிந்த கையைத் துண்டில் கட்டிக்கொண்டு ஆபீஸ் ரூம் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்திருக்கிறாய். அவள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஊரில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அதைப் பற்றி நீ வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாய். "நீ வேணும்னேதான் வரலன்னு நெனச்சேன்மா. ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிக்னு இருந்தேன்" என்றாய். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, வெளியே வந்து நின்றுவிட்டேன். நீ கம்பெனிகளை ஏன் அப்படி எடை போடுகிறாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உள்ளே வேலை செய்கிறவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்த கம்பெனியா, தெரியாத கம்பெனியா? உன் கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் நீ முதலாளியிடம் போனாய். முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் சொல்வோம். தையல் ஹாலைப் பார்த்துக்கொள்கிற புளோர் மேனேஜரும் கூட இருந்தார். கேட் நம்பரை எடுக்க ஒரு ஆள் வேண்டும், வீட்டிலிருந்து போன் வந்தால் சூப்பர்வைசரைக் கேட்காமல் அந்த நிமிஷமே மைக்கில் கூப்பிட வேண்டும், மைக்கில் இனி திட்டு கிடையாது, பர்வீன் மாதிரி கேட்கிறவர்களுக்கு இன்னொரு மெஷினும் கற்றுக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் கேட்டாய். புளோர் மேனேஜர் குதித்தார். "அப்புறம் எல்லாம் போன் பேசிக்னே இருக்கும் பாய், ஷூவ யார் தைக்கறது?" என்றார். பாய் தாடியைத் தடவிக்கொண்டாராம். "குளிர்காலத்து பூட்ஸ் ஆர்டர் கண்டெய்னர்ல ஏறற வரைக்கும் நீ சொல்றபடி ஓட்டு தம்பி. ஆர்டர் ஒழுங்கா போச்சுன்னா சரி. லேட்டாச்சுன்னா லைனும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட" என்றார். நீ சரி என்று சொல்லிவிட்டு வந்தாய். நான் சாப்பிடாமல் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா மட்டும், "என் புள்ள ஜெயிப்பான், போய்ச் சோறு துன்னு" என்றாள்.

முதல் தடவை மைக் கூப்பிட்ட கதையைப் பர்வீன் நடித்தே காட்டுவாள். ஒரு பெண்ணின் பேர் வந்ததும் ஹாலே விறைத்துப்போனதாம். திட்டு வரப்போகிறது என்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். "உங்க வீட்லேருந்து போன் வந்துக்குது, கேட்டுக்கு வாங்க" என்றதும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். போனில் மாமியார். குக்கர் விசிலை எங்கே வைத்தாய் என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள்! அவள் திரும்பி வந்து சொன்னதும் ஹாலே கொல்லென்று சிரித்தது. புளோர் மேனேஜர் உன்னைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியாப்பா உன் அவசரத்த? குக்கர் விசிலு!" என்றார். நீ சொன்னாய், "ஆமா சார், குக்கர் விசிலுதான். அது தெரிஞ்சதாலதான் அவங்க இப்ப நிம்மதியா ஒக்காந்து தைக்கறாங்க. தெரியாம இருந்தா மத்தியானம் வரைக்கும் தையல் கோணலா போயிருக்கும்." இந்தப் பதிலை நான் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதற்கப்புறம் போன் வருவது தானாகவே கம்மியாகிவிட்டது. கூப்பிட்டால் எடுப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் சும்மா சும்மா எவன் கூப்பிடுவான்?

கண்டெய்னர் வந்து நின்ற நாளை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள் கதவைப் பூட்டி சென்னை ஹார்பருக்கு அனுப்பியாக வேண்டும். பாயே ஹாலுக்குள் நடந்துகொண்டிருந்தார். காலை டீக்கு முன்னால் கேட்டுக்குப் போன் வந்தது. கோமதியின் மகன் பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. புளோர் மேனேஜர் மைக் பக்கத்திலேயே நின்றார். "இன்னிக்கி ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் பொறு. அந்த மெஷின் நின்னா எல்லாம் நின்னுடும்" என்று ஸ்விட்சின் மேல் கையை வைத்துவிட்டார். நீ அவர் கையை மெதுவாக எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைக்கை எடுத்தாய். "கோமதிக்கா, பையனுக்கு நெத்தியில அடி. பயப்படாதீங்க, பேசறான். வேன் ரெடியா இருக்கு, ஒடனே கிளம்புங்க" என்றாய். அந்த ஒரு பேச்சில் உன் வேலையை வைத்தாய், அந்த லைனை வைத்தாய், என் பஸ்ஸையும் சேர்த்து வைத்தாய். ஷெட்டில் இருந்த எனக்கு ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வேனில் கோமதி என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். குடியாத்தம் ஆஸ்பத்திரியில் அவள் உள்ளே நுழையும்போது பையனுக்குத் தையல் போட ஊசியை எடுத்திருக்கிறார்கள். அம்மாவைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டான். போட்டு முடிக்கிற வரை அவள் கையை விடவில்லை. முடிந்ததும் நர்ஸைப் பார்த்து, "எங்கம்மா இதவிட நல்லா தைப்பாங்க" என்றானே பார்க்கணும்! நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கோமதி சிரித்துக்கொண்டே அழுதாள். அதற்குள் அவள் வீட்டுக்காரரும் வேலையிடத்திலிருந்து வந்துவிட்டார். பையன் அப்பா தோளில் ஏறிக்கொண்டு ஐஸ்கிரீம் கேட்டான். கோமதி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து வேனில் ஏறினாள். "அண்ணா, கம்பெனிக்கு உடுங்க" என்றாள். "யாரும் உன்ன திரும்பி வரச் சொல்லலம்மா, வூட்டுக்குப் போ" என்றேன். "சொல்லலன்னுதான்ணா வர்றேன்" என்றாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பர்வீன் உட்கார்ந்திருந்தாள்! நீ கற்றுக்கொடுக்கச் சொன்ன அந்த மெஷினில், நாக்கைக் கடித்துக்கொண்டு, வேர்த்து வடிய, ஒவ்வொரு ஜோடியாக. கோமதி அளவுக்கு வேகமில்லை. ஆனால் லைன் நிற்கவில்லை. கூட இருந்தவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டு அவளுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். ஓவர்டைமுக்கு யார் இருக்கிறீர்கள் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற ஹால் அது. அன்றைக்குக் கேட்பதற்கு முன்னாலேயே கை தூக்கியிருக்கிறார்கள். கோமதி போய்ப் பர்வீன் தோளைத் தட்டினாள். "எழுந்துருடி, நீ தச்சத பாத்தா வெள்ளக்காரன் திருப்பி அனுப்பிடுவான்" என்றாள். பர்வீன், "வந்துட்டா பாரு மகாராணி" என்று எழுந்தாள். வெயில் சாய்வதற்குள் கடைசிப் பெட்டி ஏறியது. கண்டெய்னர் கதவைச் சாத்தினபோது பெண்கள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். பாய் உன் பக்கத்தில் வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, ஜெயிச்சிட்டப்பா" என்றார். புளோர் மேனேஜரும் நல்ல மனுஷன்தான், உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் டிரைவர், தூரத்தில் நின்றேன். நீ அத்தனை பேருக்கும் நடுவில் என்னைப் பார்த்து, "நைனா!" என்று கத்தினாய். கேட்டுக்குள்ளே! போகட்டும் என்று நானும் "டேய்!" என்று கத்திவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் பாட்டு, கைதட்டல், கிண்டல். மாதனூர் பாலத்தில் பஸ்ஸே ஆடியது. கோமதி நிற்கவில்லை. நின்றுபோனவர்களும் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். லைனை வேறு ஊருக்குக் கொண்டுபோகிற பேச்சை யாரும் எடுப்பதில்லை, இந்த ரூட்டுக்கு இன்னொரு பஸ் கேட்டிருக்கிறோம். அந்த மூன்று முக மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார்கள். தேவைப்படவில்லை.

இனி நீ பெரியமேட்டில் உட்காருவாய். உனக்குப் புத்தி சொல்ல நான் யார் என்று தோன்றினாலும் அப்பன் சொல்லாமல் விட முடியுமா? எந்த யூனிட்டுக்குப் போனாலும் முதலில் அந்த ஊர் பஸ்ஸில் ஏறு. அங்கே டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு எதையும் கேட்காதே. நல்ல டிரைவராக இருந்தால் சொல்ல மாட்டான். வேலையை விட்டுப் போகிறவர்களை நன்றிகெட்டவர்கள் என்று யாராவது பேசினால் உன் கதையை எடுத்துச் சொல்லு. இரண்டு கம்பெனியை விட்டவன்தான் இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினான் என்று தைரியமாகச் சொல்லு. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டோம். நீங்கள் பல்லைக் கடிக்க மாட்டேன் என்கிறீர்கள். நீங்கள் சொல்வதுதான் சரி. உன் மாமனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவன் போனை வைத்துவிட்டான்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். குடியாத்தத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பில் புதிதாக ஒரு பெண் நின்றாள். முப்பத்துச் சில்லறை வயது இருக்கும், தோளில் பை, கையில் டிபன். இரண்டு கம்பெனியில் இருந்து பார்த்து விட்டுவிட்டு வந்தவளாம். ஒரு காலைப் படிக்கட்டில் வைத்தாள், இன்னொரு காலை எடுக்கவில்லை. "அண்ணா, உண்மைய சொல்லுங்க. இந்தக் கம்பெனி எப்படி?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மொத்த பஸ்ஸும் கத்தியது. "ஏறுக்கா!"

கண்ணீர் கண்ணை மறைத்தது. ஹாரனை அழுத்தினேன், விடவே மனசில்லை. மாதனூர் வரைக்கும் அழுத்திக்கொண்டே வந்தேன் என்று பர்வீன் சொல்லித் திரிகிறாள், நம்பாதே.

அவள் ஏறிவிட்டாள்டா.

உன் நைனா